தங்க ஊக்கிக்கு எந்தத் தாங்கி? காபனோரொட்சைட்டு ஒட்சியேற்றத்தில் தாங்கிகளை ஒப்பிடும் செய்முறை

ஒரே தங்க உப்பு, ஒரே செய்முறை, நான்கைந்து தாங்கிகள் (தங்கத் துணிக்கைகளைச் சுமக்கும் ஒட்சைட்டுத் தூள்கள்). தைத்தானியாவில் (தைத்தானியம் ஈரொட்சைட்டில்) ஏற்றிய தங்கம் அறை வெப்பநிலையிலேயே காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக்கி முடித்துவிடுகிறது. சிலிக்காவில் ஏற்றியதோ சூடாக்கியும் அசைய மறுக்கிறது. உடனே "தாங்கியின் விளைவு" என்று எழுதிவிடத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சிலிக்காவில் தங்கம் 20 நனோமீற்றர் கட்டிகளாகக் கிடக்கலாம். ஏறவே ஏறாமல் கழுவிய தண்ணீரோடு போயுமிருக்கலாம். தாங்கியை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு தங்கத் துணிக்கையின் பருமனையும் மிச்சக் குளோரைட்டையும் வாயுவின் ஈரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. இந்த மூன்றையும் முதலில் பிடித்துக் கட்டினால்தான் தாங்கி தன் கதையைச் சொல்லும். கொழும்புக் காற்றில் வேலை செய்பவர்களுக்கு மூன்றாவதுதான் பெரிய தலையிடி.

தாங்கி செய்யும் வேலை

தங்கம் ஏறும்போது தாங்கியின் மேற்பரப்பு ஏற்றம் அதைப் பிடித்துக்கொள்கிறது. சூடாக்கும்போது துணிக்கைகள் ஓடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. தாக்கம் நடக்கும்போது ஒட்சிசனைச் செயற்படுத்த உதவுகிறது. மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒன்றில் கெட்டித்தனம் காட்டும் தாங்கி மற்றொன்றில் சோடை போகலாம்.

1987இல் ஜப்பானில் மசத்தாகே ஹருத்தாவின் குழு, இரும்பு ஒட்சைட்டு முதலான ஒட்சைட்டுகளோடு சேர்த்த நுண்ணிய தங்கம் −70 பாகை செல்சியஸிலும் காபனோரொட்சைட்டை ஒட்சியேற்றும் என்று காட்டியது. அதன்பின் திரண்ட சான்றுகளின் சாரம் இதுதான்: காபனோரொட்சைட்டு தங்கத்தில் ஒட்டுகிறது; ஒட்சிசன் செயற்படுவது பெரும்பாலும் தங்கமும் தாங்கியும் தொடும் விளிம்பில். ஆகவே கணக்குப் பார்க்க வேண்டியது விளிம்பின் நீளத்தை. அதே அளவு தங்கத்தில் துணிக்கையின் விட்டத்தைப் பாதியாக்கினால் துணிக்கைகளின் எண்ணிக்கை எட்டு மடங்காகும், ஒவ்வொன்றின் சுற்றளவும் பாதியாகும், மொத்த விளிம்பு நான்கு மடங்காகும். 3 நனோமீற்றர் தங்கமுள்ள அலுமினாவை 6 நனோமீற்றர் தங்கமுள்ள தைத்தானியாவோடு ஒப்பிட்டு என்ன முடிவுக்கு வந்தாலும் அது செல்லாது.

எளிதில் ஒட்சிசனை விட்டுக்கொடுக்கும் தாங்கிகள் (தைத்தானியா, பெரிக்கு ஒட்சைட்டு எனும் இரும்பு ஒட்சைட்டு, சீரியா எனும் சீரியம் ஈரொட்சைட்டு) ஒரு பக்கம். விட்டுக்கொடுக்காத அலுமினா, சிலிக்கா, மகனீசியம் ஒட்சைட்டு மறுபக்கம். முதற்பக்கத்தில் விளிம்பருகேயுள்ள தாங்கியின் ஒட்சிசனே தாக்கத்தில் சேரும், வெற்றிடத்தை வாயு ஒட்சிசன் நிரப்பும். மறுபக்கத்தில் துணிக்கையின் பருமனும் மேற்பரப்பிலுள்ள ஐதரொட்சில் (OH) கூட்டங்களும் ஈரமும் கூடுதலாக முடிவு செய்கின்றன. பிரிவினை உதவியானதுதான், ஆனால் வேதவாக்கு அல்ல: ஈரமான வாயுவில் நல்ல தங்க–அலுமினா ஊக்கி பலரை வாய்பிளக்க வைத்திருக்கிறது.

தங்க உப்பு

வாங்கும் குளோரோஓரிக்கமில முந்நீரேற்றின் மூலர்த்திணிவு 393.8, அதில் ஏறக்குறையப் பாதி நிறை தங்கம். ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும் உப்பு என்பதால் போத்தலைத் திறந்து கொழும்புக் காற்றில் நிறுத்துக்கொண்டிருந்தால் தராசின் எண் கண்முன்னே ஏறும். முழுவதையும் ஒரேயடியாகக் கரைத்து, கிராமுக்கு 25 மில்லிலீற்றர் என்ற கணக்கில் மூலக் கரைசலாக்கி, கபில நிறப் போத்தலில் குளிரூட்டியில் வையுங்கள். சரியான செறிவை அணு உறிஞ்சல் அளவீட்டில் ஒருமுறை உறுதிப்படுத்தினால் போதும். உலோகக் கரண்டி தொடக்கூடாது. தங்கம் அதன்மேல் படிந்துவிடும்.

உப்பு கைக்கு வரத் தாமதமானால் செட்டியார் தெருவில் 24 கரட் தங்கம் வாங்கி இராச திராவகத்தில் கரைத்துக்கொள்ளலாம். 22 கரட் பவுன் வேண்டாம்: அதிலுள்ள வெள்ளி குளோரைட்டாக வீழ்படிந்து ஒதுங்கும், செம்பு கரைசலிலேயே தங்கிவிடும். தங்கத்தோடு ஏறும் செம்பு தானே ஒரு ஊக்கி; பிறகு எது தாங்கியின் விளைவு, எது செம்பின் விளைவு என்று பிரிக்க முடியாது. அரைக் கிராம் 24 கரட் தகட்டுக்கு, மூன்று பங்கு செறிந்த ஐதரோகுளோரிக்கமிலமும் ஒரு பங்கு செறிந்த நைத்திரிக்கமிலமும் கலந்த 5 மில்லிலீற்றர் போதும். பியூம் ஹூட்டுக்குள், மூடாத முகவையில், மெல்லிய சூட்டில் கரையுங்கள். கரைந்தபின் 2 மில்லிலீற்றர் ஐதரோகுளோரிக்கமிலம் விட்டுப் பாகுபோல வரும்வரை ஆவியாக்குவதை மூன்று தரம் செய்தால் நைத்திரேற்று போய்விடும். முற்றாக வரட்டிவிட்டால் உப்பு பிரிந்து உலோகத் தங்கம் ஒதுங்கும்.

தாங்கியைத் தெரிதலும் ஆயத்தமும்

பார்க்க வேண்டிய முதல் எண் சமமின் புள்ளி, அதாவது மேற்பரப்பின் நிகர ஏற்றம் சுழியாகும் பீஎச். கரைசலின் பீஎச் அதைவிட மிகக் கூடினால் மேற்பரப்பு எதிரேற்றம் கொள்ளும். எதிரேற்றமுள்ள தங்க அயனும் அதுவும் ஒன்றையொன்று தள்ளும். தைத்தானியா, சீரியா ஏறக்குறைய 6. பெரிக்கு ஒட்சைட்டு 6.5 முதல் 8. அலுமினா 8 முதல் 9. மகனீசியம் ஒட்சைட்டு 12 வரை. சிலிக்கா வெறும் 2. காரத்தில் படியச்செய்யும் முறை சிலிக்காவில் ஏன் தோற்கிறது என்பதற்கு இதுவே விடை.

தைத்தானியாவுக்குப் பீ-25 (P25) என்ற வணிகத் தூள் நல்ல தொடக்கம்: மேற்பரப்பு கிராமுக்கு ஏறக்குறைய 50 சதுர மீற்றர்; தைத்தானியாவின் இரு பளிங்கு வடிவங்களில் பெரும்பங்கு அனற்றேசும் மீதி உரூட்டைலும். புல்மோட்டை இல்மனைற்றிலிருந்து சல்பூரிக்கமில முறையில் எடுத்த தைத்தானியாவை உள்ளூரில் முயலும் ஆர்வம் நியாயமானதே. ஆனால் அதில் மிஞ்சும் இரும்பு ஊக்கலுக்கு உதவும், மிஞ்சும் சல்பேற்று கெடுக்கும். இரண்டையும் அளக்காமல் பீ-25க்கு எதிரே நிறுத்த வேண்டாம். சீரியாவில் பளிங்கின் பருமனே விதி: 5 நனோமீற்றருக்கு உட்பட்ட சீரியாவில் ஏற்றிய தங்கம், சாதாரண சீரியாவில் ஏற்றியதைவிட நூறு மடங்கு வேகமாக வேலை செய்ததாக 2004இல் ஸ்பெயினில் ஒரு குழு காட்டியது. அதனால் "சீரியா" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

எல்லாத் தாங்கிகளையும் 120 பாகையில் ஓரிரவு உலர்த்தி, டெசிகேற்றரில் ஆறவிட்டு, உடனே நிறுங்கள். காமா அலுமினாவும் சிலிக்காவும் திறந்த மேசையில் நிறைய ஈரத்தைச் சேர்க்கும். ஒரு வீதம் தங்கம் என்று கணக்குப் போட்டது அந்த இடத்திலேயே பிழைத்துவிடும். மகனீசியம் ஒட்சைட்டு ஐதரொட்சைட்டாகவும் காபனேற்றாகவும் மாறிக்கொண்டே இருக்கும். பயன்படுத்தும் அன்று 500 பாகையில் சூடாக்கி எடுத்தாலும் நீர்க்கரைசலில் போட்டதும் திரும்ப ஐதரொட்சைட்டுத்தான்.

காரத்தில் படியச்செய்தல்

தைத்தானியா, அலுமினா, சீரியா, பெரிக்கு ஒட்சைட்டு நான்குக்கும் இது பொருந்தும். அளவு 2 கிராம் தாங்கிக்கு.

80 மில்லிகிராம் தங்க உப்பை (40 மில்லிகிராம் தங்கம்) 100 மில்லிலீற்றர் அயன் நீக்கிய நீரில் கரையுங்கள். இது 2 வீதத்துக்கான தங்கம்; தைத்தானியாவில் இதில் ஒரு பகுதிதான் ஏறும், மீதி கரைசலில் நிற்கும். 70 பாகைக்குச் சூடாக்கி, 0.1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விட்டுப் பீஎச் 9க்குக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 8 மில்லிலீற்றர் செல்லும், ஆனால் கனவளவை நம்பாமல் மானியை நம்புங்கள். அந்த மானியை அதே வெப்பநிலையில் அளவுதிருத்தியிருக்க வேண்டும். மஞ்சள் மங்கி, கரைசல் ஏறக்குறைய நிறமற்றுப் போகும்: தங்கத்தைச் சுற்றியிருந்த குளோரைட்டுகளின் இடத்தை ஐதரொட்சைட்டு பிடிப்பதன் அடையாளம். இந்த மாற்றம் மெதுவானது. அதனால் பீஎச் விட்ட இடத்திலிருந்து கீழே நழுவும். 20 நிமிடம் நின்று, திரும்பத் திரும்பச் சரிசெய்து, அசையாமல் நின்றபின்தான் தாங்கியைப் போடுங்கள். பொறுமையில்லாமல் முதலிலேயே போட்டால் குளோரைட்டு நிறைந்த தங்கம் ஒட்டும், சூட்டில் பெரிய துணிக்கையாகும். பீஎச் 10ஐத் தாண்டினால் துணிக்கை சிறிதாக இருக்கும், ஏறும் தங்கம் குறையும்.

தாங்கி போட்டபின் 70 பாகையில் ஒரு மணித்தியாலம் கலக்குங்கள், பீஎச்சைப் பிடித்தபடி. முகவையை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள். ஒளிபட்டால், விசேடமாகத் தைத்தானியாவில், தங்கம் அங்கேயே உலோகமாகிவிடும். சூடாக்கும் முன்பே தூள் இளம் ஊதாவானால் ஒளிதான் குற்றவாளி.

வடித்தெடுத்து 50 பாகை நீரில் 100 மில்லிலீற்றர் வீதம் ஐந்து தரமாவது கழுவுங்கள். வடிநீரில் ஒரு துளி நைத்திரிக்கமிலமும் சில துளி வெள்ளி நைத்திரேற்றும் விட்டுக் கலங்கல் இல்லையென்று பாருங்கள். அதற்கும் முன், கழுவும் நீரையே அப்படிச் சோதியுங்கள். கொழும்புக் குழாய்நீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்துக் குளோரீனேற்றி வருவது. வரட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றில் ஏறும் தொல்லையும் உண்டு. அயன் நீக்கியின் பிசின் களைத்துப்போயிருந்தால், தங்கத்திலிருந்து குளோரைட்டைக் கழுவுவதாக நினைத்துக் கழுவிக்கொண்டே சேர்ப்பீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலருகே தூளைத் திறந்து உலர்த்துவதும் அப்படியே.

குளோரைட்டை விரட்ட அமோனியாவால் கழுவலாம் என்று சில பழைய குறிப்புகளில் இருக்கும். செய்யாதீர்கள். தங்க உப்பும் அமோனியாவும் சேர்ந்து உண்டாகும் சேர்வை உலர்ந்தபின் தொட்டாலே வெடிக்கும். கழிவுப் போத்தலிலும் இரண்டும் சந்திக்கக்கூடாது.

தங்கம் முழுவதும் ஏற வேண்டுமென்றால் யூரியா முறை: 40 மில்லிகிராம் உப்பு, 2.5 கிராம் யூரியா, 100 மில்லிலீற்றர் நீர், 2 கிராம் தாங்கி, 80 பாகை. இது ஒரு வீத ஊக்கி தரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தங்கம் முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே படிந்துவிடும். கரைசல் வெறுமையானதைப் பார்த்து அடுப்பை நிறுத்திவிடுவார்கள். அப்போது நிறுத்தினால் தைத்தானியாவில் துணிக்கை 5 நனோமீற்றருக்கு மேல். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விட்டால், யூரியா மெதுவாகச் சிதைந்து பீஎச் உயர உயரத் துணிக்கை 3க்குக் கீழே வரும். ஓரிரவு விடுவதே பாதுகாப்பு, இடையில் கரண்ட் போகாதென்றால்.

வளைந்துகொடுக்காத தாங்கிகள்

சிலிக்காவுக்கு நேரேற்றமுள்ள தங்கச் சிக்கல் வேண்டும். தங்க உப்பை எதிலீன் டைஅமீனோடு தாக்கி, எதனோலில் வீழ்படியவைத்த திண்மத்தை, பீஎச் 10இல் சிலிக்காவோடு இரண்டு மணித்தியாலம் கலக்கினால் பிடித்துக்கொள்ளும். பிறகு 150 பாகையில் ஐதரசனில் தாழ்த்தி, அதன்பின் 400 பாகையில் வளியில் அமீனின் மிச்சத்தை எரிக்க வேண்டும். பெரிக்கு ஒட்சைட்டுக்கு, தங்கத்தையும் இரும்பையும் ஒன்றாகவே வீழ்படியவைக்கும் இணைவீழ்படிவு முறையும் உண்டு. ஆனால் ஹருத்தா பாணியில் தங்கமும் இரும்பும் அணுக்கணக்கில் 1க்கு 19 என்று போட்டால் நிறையில் பதினொரு வீதத்துக்கு மேல் தங்கம். அதில் ஒரு பங்கு ஒட்சைட்டுக்குள்ளே புதைந்து வீணாகும்.

தாங்கியின் விளைவை மட்டுமே பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் நேர்வழி ஒன்று: தங்கத் துணிக்கைகளை முதலில் கரைசலில் செய்துகொண்டு, அதே தொகுதியை எல்லாத் தாங்கிகளிலும் பங்கிடுவது. 10 மில்லிகிராம் தங்கத்துக்கு 10 மில்லிகிராம் பொலிவினைல் அற்ககோல், தங்கத்தின் ஐந்து மடங்கு மூலளவில் அப்போதே கரைத்த சோடியம் போரோஐதரைட்டு. செங்கபில நிறக் கூழ்மம் உடனே வரும். அரை மணித்தியாலத்துக்குள் ஒரு கிராம் தாங்கியைப் போடுங்கள். தைத்தானியாவுக்குக் கொஞ்சம் அமிலம் விட்டால் உடனே ஒட்டும். மகனீசியம் ஒட்சைட்டும் துத்தநாக ஒட்சைட்டும் அமிலத்தில் கரையும் என்பதால் அவற்றை நடுநிலையில் நீண்டநேரம் கலக்க வேண்டும். குறை, துணிக்கையின் மேலே போர்த்தியிருக்கும் பல்பகுதியம், அதாவது அந்தப் பொலிவினைல் அற்ககோல். 90 பாகை நீரில் கழுவினால் பெரும்பங்கு போகும், துணிக்கையும் அதிகம் வளராது.

சூடாக்குதல்

நிமிடத்துக்கு 2 பாகை ஏற்றி, 300 பாகையில் வளியில் இரண்டு மணித்தியாலம். எல்லாவற்றுக்கும் ஒரே நிரல். குளோரைட்டு மிஞ்சியிருந்தால் இங்கேதான் அகப்படும்: துணிக்கை 10 நனோமீற்றரைத் தாண்டும். தைத்தானியா, அலுமினா, சிலிக்காவில் நிறமே முதற்சாட்சி: சாம்பல் கலந்த ஊதா நல்லது, பளிச்சென்ற இளஞ்சிவப்பு சந்தேகத்துக்குரியது. பெரிக்கு ஒட்சைட்டில் நிறம் ஒன்றும் சொல்லாது.

எக்ஸ்-கதிர் கோணல் வரைபில் தங்கத்தின் பெரிய உச்சி 38.2 பாகையில் வரும். அனற்றேசின் உச்சிகள் 37.8இலும் 38.6இலும் அதை இருபுறமும் நெருக்கும். காமா அலுமினாவின் அகன்ற மேடும் அங்கேதான். உச்சி தெரியவில்லை என்பதை "துணிக்கை சிறிது" என்று வாசிக்காதீர்கள், தங்கமே இல்லாமலும் இருக்கலாம். ஏறிய தங்கத்தை இரசாயன அளவீட்டிலும் பருமனை ஊடுகடத்தல் இலத்திரன் நுணுக்குக்காட்டியிலும் குறைந்தது 200 துணிக்கைகள் எண்ணியும் எடுங்கள்.

தாக்கக் குழாயில்

4 மில்லிமீற்றர் உள்விட்டக் குவாட்சுக் குழாய், 1 வீதக் காபனோரொட்சைட்டு, 20 வீத ஒட்சிசன், மீதி நைதரசன் அல்லது ஈலியம், நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர். ஒரு வீதம் சிறிதாகத் தோன்றும், ஆனால் அது முழுவதும் எரிந்து சூடு வெளியேறாவிட்டால் வாயு ஏறக்குறைய 100 பாகை ஏறும். ஆகவே ஊக்கியை 15 மடங்கு குவாட்சு மணலோடு கலந்து, வெப்பமானியின் முனையைப் படுக்கைக்குள்ளேயே வையுங்கள். வெறும் மணலை முதலில் ஓட்டி வெற்றுச்சோதனை எடுக்க மறக்க வேண்டாம்.

எல்லா ஊக்கியிலும் 50 மில்லிகிராம் போடும் வழக்கம்தான் பல ஒப்பீடுகளைக் கெடுக்கிறது. நல்ல தங்க–தைத்தானியா அந்த அளவில் 100 வீதத்தை ஒட்டி நிற்கும். அங்கே வேகம் தெரியாது. மாற்றவீதம் 15க்குக் கீழே இருக்கும்படி தைத்தானியாவுக்கு 5–10 மில்லிகிராமும் சிலிக்காவுக்கு 100 மில்லிகிராமும் என்று நிறையை மாற்றுங்கள். கணக்கு இப்படி: நிமிடத்துக்கு 0.5 மில்லிலீற்றர் காபனோரொட்சைட்டு என்றால் 25 பாகையில் 20.4 மைக்குரோமூல். 10 வீதம் மாறினால் செக்கனுக்கு 0.034 மைக்குரோமூல். ஒரு வீத ஊக்கி 10 மில்லிகிராமில் தங்கம் 0.51 மைக்குரோமூல். ஆக ஒரு தங்க அணுவுக்குச் செக்கனுக்கு 0.067. பாதி மாற்றம் நடக்கும் வெப்பநிலையை மட்டும் தந்துவிட்டுப் போவதைவிட இந்த எண் நூறு மடங்கு பயன்.

காபனோரொட்சைட்டு உருக்குச் சிலிண்டரில் இருந்தால் இரும்புக் காபனைல் கலந்து வரும். அது ஊக்கியில் இரும்பைப் படியவைத்து, தாங்கி எதுவானாலும் எல்லாவற்றையும் கொஞ்சம் இரும்பு ஒட்சைட்டாக்கிவிடும். அலுமினியச் சிலிண்டர் கேளுங்கள், இல்லையேல் 300 பாகையில் சூடாக்கிய அலுமினா நிரப்பிய பொறியூடாக விடுங்கள். அறையில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் சிலிண்டரைத் திறக்கவே வேண்டாம்.

ஈரம்

கொழும்பில் 30 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்றில் நீராவி ஏறக்குறைய 3.4 வீதம், பத்து லட்சத்தில் 34,000 பங்கு. தங்க–தைத்தானியாவுக்கு ஹருத்தா குழு கண்ட உகந்த ஈரம் பத்து லட்சத்தில் 200 அளவில். கொம்பிரசரிலிருந்து வரும் வளியை அப்படியே விட்டுவிட்டு, குளிர்நாட்டு ஆய்வுகூடத்தில் சிலிண்டர் வாயுவில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது வீண்வேலை. நீர் விளிம்பில் ஒட்சிசன் செயற்படுவதற்கு உதவுகிறது, படிந்த காபனேற்றையும் கரைக்கிறது. அளவு மிஞ்சினால் இடத்தை அடைக்கிறது. அலுமினாவும் சிலிக்காவும் இதற்கு மிகவும் கூருணர்வு உள்ளவை. உலர்ந்த வாயுவில் படுத்துக்கிடக்கும் அலுமினா ஈரம் கிடைத்ததும் எழும்பும்.

ஆகவே ஒவ்வொரு ஊக்கியையும் மூன்று ஈரத்தில் ஓட்டுங்கள். உலர் நிலைக்கு, 300 பாகையில் செயற்படுத்திய மூலக்கூற்றுச் சல்லடையையும் அதன்பின் உலர்பனிப் பொறியையும் கடந்த வாயு. இடைநிலைக்கு, ஐஸ்நீரில் வைத்த குமிழியூடாக நிமிடத்துக்கு 1.7 மில்லிலீற்றரை விட்டு மீதி 48.3 மில்லிலீற்றர் உலர் வாயுவோடு கலந்தால் 200 பங்கு கிடைக்கும். முழுவதையும் குமிழியூடாக விட்டால் 0.6 வீதம். தாங்கிகளின் வரிசை மூன்றிலும் மாறாமல் நின்றால் அது தாங்கியின் விளைவு. உலர் நிலையில் மட்டும் அலுமினா பின்தங்கினால் நீங்கள் அளந்தது ஐதரொட்சில் கூட்டங்களை.

வேகம் விழுந்தால்

முதல் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாக விழுவது சாதாரணம். உலர்ந்த நைதரசனில் 200 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்துத் திரும்ப ஓட்டுங்கள். மீண்டும் எழும்பினால் காபனேற்று அடைத்திருந்தது. சீரியாவிலும் மகனீசியம் ஒட்சைட்டிலும் இதுவே வழக்கம். எழும்பாவிட்டால் துணிக்கை வளர்ந்திருக்கும், நுணுக்குக்காட்டிக்கு அனுப்புங்கள். இதே இரண்டு தாங்கிகளிலும் தொடக்கத்தில் வெளிவரும் காபனீரொட்சைட்டு, செலவான காபனோரொட்சைட்டைவிடக் குறைவாகக் காட்டும். தாங்கி அதை விழுங்கிக்கொள்கிறது. இரண்டையும் அளந்து காபன் கணக்கு 98 வீதத்துக்கு மேல் சேர்ந்தபின்புள்ள எண்களையே எடுங்கள்.

மீதி ஊக்கியைச் சூடாக்காத நிலையிலேயே, ஒளிபுகாத போத்தலில், குளிரூட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால் அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்கக்கூடாது. இங்கத்தைய காற்றில் அரை நிமிடத்தில் தூளின்மேல் பனித்துளி இறங்கிவிடும்.